மஞ்சள் கல்லில் ஒரு சுருள்

தூத்துக்குடியை அடுத்திருக்கும் சிற்றூரான புதுக்கோட்டையில் என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்சக்கரம் காற்றிறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. திருநெல்வேலிச் சாலையில் திறந்திருந்த ஒரே பஞ்சர் கடையில் எங்களுக்கு முன்னால் ஒரு லோடு ஆட்டோ நின்றது. என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவள். சாலையோரச் சரளையைப் பார்த்தபடி குனிந்தே கொஞ்ச தூரம் போனாள். திரும்பி வரும்போது இரண்டு கைகளாலும் ஒரு கல்லை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். மாதா கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையில் கல்லின் தூள் மஞ்சளாக அப்பியிருந்தது.

"அப்பா, இதுல ஃபாசில் இருக்கா பாருங்க."

உரித்த தேங்காய் அளவு இருக்கும். அதைவிடச் சற்றுச் சப்பை. வெளிர் மஞ்சள் நிறம். ஒரு பக்கம் புதிதாக உடைந்திருந்தது. உடைந்த அந்த முகத்தில் என் நடுவிரல் நீளத்துக்கு ஒரு குழிவு. குழிவுக்குள் படிபடியாக ஒரு சுருள் இறங்கி, மேல்முனையில் கூராக முடிந்தது. ஆணியால் கீறியது போல இல்லை. யாரோ உட்கார்ந்து பொறுமையாகக் கடைந்தது போல இருந்தது.

"தெரியல," என்றேன்.

"தெரியலன்னா, இல்லன்னு அர்த்தமா?"

"தெரியலன்னா தெரியலன்னுதான் அர்த்தம்."

பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "அண்ணாச்சி, பிள்ள ஸ்டெப்னிக்குக் கல்லு கொண்டு வந்துருக்கு" என்றார். அவள் சிரிக்கவில்லை. வீடு வரும்வரை கல் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. வேகத்தடைகளில் எல்லாம் என் இடுப்பெலும்பில் இடித்தது.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குக் கல் பைத்தியம் பிடித்திருந்தது. அறிவியல் புத்தகத்தில் ஃபாசில் என்கிற புதைபடிவத்தைப் பற்றி ஒரு பக்கம் வந்தது. அந்த ஒரு பக்கம் போதுமானதாக இருந்தது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகக் கற்களை அடுக்கினாள். டைனோசர் முட்டை என்று அவள் கொண்டு வந்த ஒன்று, கழுவியபோது கான்கிரீட் கட்டியாகி, நடுவிலிருந்து கம்பி நீட்டிக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு அவள் எதையும் 'இது இன்னது' என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். கேள்வியாக மட்டும் கேட்டாள். அந்த மாற்றம் எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் என் மனைவி வாசலிலேயே மறித்தாள். "ஏளா, அம்மி கெடக்கு, ஆட்டுரல் கெடக்கு. இது எதுக்கு? தலைக்கு வச்சுப் படுக்கவா?"

"தொடாதீங்கம்மா. செக் பண்ணணும்."

ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகரைக் கல்லின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டாள். புசுபுசுவென்று நுரைத்தது. சுண்ணாம்புக் கல்தான். பிறகு என் போனில் கல்லை அடையாளம் சொல்லும் ஆப் ஒன்றை இறக்கிப் படம் எடுத்துப் போட்டாள். அது கொஞ்சம் யோசித்துவிட்டு, 'ரொட்டி' என்றது. என் மனைவி கையிலிருந்த கரண்டியோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மகள் ஒரு துண்டுக் காகிதத்தில் கேள்விக்குறி மட்டும் எழுதிக் கல்லுக்கு அடியில் செருகி வைத்தாள்.

நான் துறைமுகத்தில் ஒரு ஏஜென்சியில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை ஏற்றிக்கொண்டு வெளியேறும் வண்டிகளைக் கணக்கெடுப்பது என் வேலை. வளைகுடா நாடுகளிலிருந்து சுண்ணாம்புக் கல் வரும். இதே வெளிர் மஞ்சள். அதை ஏற்றிய டிப்பர்கள் புதுக்கோட்டை வழியாகத்தான் போகின்றன. தார்ப்பாய் சரியாகக் கட்டாத வண்டியிலிருந்து ஒன்றிரண்டு கற்கள் உருள்வது வழக்கம். அவளிடம் இதைச் சொன்னேன். நிறம் ஒத்துப்போவதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

மறுநாள் மாலை என் மனைவியின் தம்பி வந்தான்.

அவன் சங்கு குளிப்பவன். படகில் ஓடும் கம்ப்ரெசரிலிருந்து வரும் காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு அடியில் நடந்து சங்கு பொறுக்குகிறவன். அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவனுக்கு இடது காது உடைந்தது. இனி இறங்கினால் மொத்தமாகக் கேட்காமல் போகும், தலை சுற்றி அடியிலேயே விழுந்துவிடவும் கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னதை அவன் எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொன்னான். இரண்டு தடவை இறங்கவும் செய்தான். இரண்டு தடவையும் என் மனைவி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. வேறு தொழில் பார் என்றால், கையில் ஏதாவது கிடைக்கட்டும், ஒரு வள்ளம் சொந்தமாக வாங்கிவிட்டால் மேலேயே இருந்துகொள்வேன் என்பான். கல்யாணமும் ஆகவில்லை. முத்துக் குளித்த காலத்தில், குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றைப் படகிலிருந்து பிடிப்பது அவனுடைய மச்சினனாகத்தான் இருக்க வேண்டுமாம். தன் தங்கை தாலி அறுக்கக் கூடாது என்ற கவலை அவனுக்குத்தானே இருக்கும். "எனக்குப் பொண்டாட்டியும் இல்ல, மச்சினனும் இல்ல. இருக்கது ஒரு அத்தான். அவரும் பேனா பிடிக்காரு" என்பது என்னைப் பற்றி அவன் வழக்கமாகச் சொல்லும் கேலி.

டீயை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கல்லை எடுத்தான். வெளிச்சத்துக்குக் கொண்டு போனான். சாய்த்தான். மறுபக்கம் சாய்த்தான்.

"ஏளா, இத எங்கன எடுத்த?"

"புதுக்கோட்டைல, ரோட்டோரமா. ஏன் மாமா?"

"அக்கா, இங்க வா. இது எந்தப் பக்கம் சுத்துது பாரு."

எங்கள் ஊரில் சுருளாக எதைப் பார்த்தாலும் முதலில் கேட்கும் கேள்வி அது. கடலில் கிடைக்கும் சங்கெல்லாம் இடம்புரி. வலம்புரி ஒரு ஆளின் ஆயுசில் ஒன்று கிடைத்தால் அதிசயம். கிடைத்தவன் அதற்குப் பிறகு குளிக்க வேண்டியதில்லை என்பார்கள். இந்தக் குழிவில் சுருள் வழக்கத்துக்கு எதிர்த் திசையில் போனது. வாய் இருக்க வேண்டிய இடமும் எதிர்ப் பக்கத்தில் இருந்தது. என் மனைவி பார்த்தாள். நானும் பார்த்தேன். சந்தேகமில்லை, அது வலப்பக்கமாகத்தான் புரிந்திருந்தது.

"இது கல்லே இல்ல அத்தான்," என்றான். "சங்கு மேல ஏறுன பாறை. அடியில ரொம்ப நாள் கெடந்தா இப்படித்தான் சுண்ணாம்பு கட்டி ஏறும். சுத்தியல வச்சுக் கொத்தித்தான் எடுப்போம். முன்பக்கம் ஒடைஞ்சு உள்ளாடி தெரியுது. மிச்சச் சங்கு உள்ள உக்காந்திருக்கு."

"மாப்ளே, ரோட்டுல கெடந்த கல்லு. கப்பல்ல வர்ற கல்லு மாதிரி இருக்கு."

"கப்பல் மட்டும் என்ன ஆகாசத்துலயா வருது?"

அவன் முகத்தைப் பார்த்தபோது மறுத்துப் பேசத் தோன்றவில்லை. காது உடைந்ததிலிருந்து பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்ப்பது அவனுக்குப் பழக்கமாகியிருந்தது. அன்று நேராக நின்றான்.

படத்தைச் சங்குக் கடை அண்ணாச்சிக்கு அனுப்பினான். அவர் உடனே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டான். "ஏலே, சுத்தியல எடுத்துராத. வலம்புரியில கீறல் விழுந்தா அவ்வளவுதான். கிரானைட் வெட்டுத கடையில மெசின் இருக்கு. சனிக்கிழம நானும் வாரேன். ஓரமா வெட்டி எடுப்போம்." படத்தில் இன்னொரு வினோதமும் இருந்தது. வெளிச்சம் விழுந்த கோணத்தில் குழிவு குழிவாகவே தெரியவில்லை. சங்கு கல்லிலிருந்து புடைத்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. அந்தப் படம் இரவுக்குள் தெருவையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. மறுநாள் பால் ஊற்ற வந்தவர் பாத்திரத்தை நீட்டியும் ஊற்றாமல், "வலம்புரி வீட்டுலதான் இருக்கா?" என்று எட்டிப் பார்த்தார்.

போகும்போது என் மைத்துனன் மகளிடம் முறையாகக் கேட்டான். "ஒன் கல்லு. நீ தந்தாத்தான் எடுப்பேன். தருவியா?"

"எடுத்துக்கோங்க மாமா," என்றாள் அவள் உடனே. பிறகு, "சனிக்கிழம வரைக்கும் இங்க இருக்கட்டும்" என்றாள்.

நான் நாள்தோறும் நாட்குறிப்பு எழுதுகிறவன். பக்கத்தின் மேல்மூலையில் தேதியை முத்திரை குத்துவது வழக்கம். அது அலுவலகம் கழித்துப் போட்ட ரப்பர் முத்திரை. ஆண்டுப் பட்டை தீர்ந்துவிட்டதால் நாளும் மாதமும் மட்டும் குத்தி, ஆண்டைக் கையால் எழுதுவேன். சின்ன வயதிலிருந்து என் மகள்தான் அந்த முத்திரையைக் குத்துவாள். வளர்ந்த பிறகும் அந்த உரிமையை விடவில்லை. வியாழக்கிழமை மாலை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், முத்திரையைக் கையில் எடுத்தாள், குத்தவில்லை.

"என்னம்மா?"

"மாமாக்குக் குடுத்துட்டேன்லா. அதுல வருத்தம் இல்லப்பா. உள்ள வலம்புரி இருந்தா மாமா இனிமே கடல்ல எறங்க மாட்டாங்க. நல்லதுதான்."

"பின்ன?"

"இல்லன்னா? வெட்டுனதுக்கு அப்புறம் இல்லன்னா?" பட்டைச் சக்கரத்தை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள். "கல்லும் போயிரும். மாமாவும் போயி எறங்கிருவாங்க. அது என்னன்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாமலே போயிரும். வெட்டட்டும்பா. ஆனா வெட்டுததுக்கு முன்னாடி அது என்னன்னு தெரியணும்."

எனக்கு வண்டி எண்ணத் தெரியும். கல்லைப் பற்றி அவளைவிட ஒரு பக்கம்கூட அதிகமாக நான் படித்ததில்லை. "தேதியப் போடு, பாப்பம்" என்றேன்.

மையில் ஒற்றிக் குத்தினாள். தேதி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு முத்திரையைத் திருப்பி ரப்பரைப் பார்த்தாள். எத்தனையோ ஆண்டுகளாக அவள் கையில் இருந்த முத்திரைதான். அதை முதல் முறையாகப் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பா, இதுல எழுத்து எடவலமா மாறி இருக்கு."

"அப்படித்தான் இருக்கணும். குத்துனாத்தான் நேரா வரும்."

"அப்ப நேரான ஒண்ண எதுலயாவது அமுக்குனா, அதுல மாறித்தான் விழும். இல்லையா?"

நான் 'ஆமாம்' என்று சொல்வதற்குள் அவள் எழுந்து அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். என் மனைவி சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "அம்மா, ஒரு உருண்ட மாவு தாங்க."

"பசிக்குதா?"

"கல்லுக்கு."

"கல்லுக்குப் பசிக்குதாம், கேளுங்க," என்று என் பக்கம் திரும்பி முறைத்தாலும், ஒரு உருண்டையைப் பிய்த்துக் கொடுத்தாள். மகள் குழிவில் எண்ணெய் தடவினாள். மாவை அதற்குள் வைத்து, கட்டைவிரலால் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேரும்படி அமுக்கினாள். மாவு இளகியிருந்ததால் முதல் தடவை இழுத்ததும் கிழிந்தது. இன்னும் கொஞ்சம் காய்ந்த மாவு சேர்த்துப் பிசைந்தாள். இந்தத் தடவை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தாள். உள்ளங்கையில் ஒரு சிப்பி வந்து விழுந்தது.

சிப்பி என்றுதான் எழுத வேண்டும். கூர்முனை, படிபடியான சுற்றுகள், சுற்றுகளின் மேல் ரவை அளவு முத்துமுத்தான புடைப்புகள். கல்லில் எங்கள் கண்ணுக்குத் தெரியாத அந்தப் புடைப்புகள் மாவில் தெரிந்தன. அது இடப்பக்கமாகப் புரிந்திருந்தது. ஊரில் எல்லாச் சங்கும் புரிவது போல.

மூன்று பேரும் அடுப்பு வெளிச்சத்தில் அதைச் சுற்றி நின்றோம். சப்பாத்தி ஒன்று தோசைக்கல்லில் தீய்ந்தது. என் மனைவிக்குத்தான் முதலில் புரிந்திருக்க வேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப வலம்புரி இல்லையா?"

"இல்லம்மா. சங்கே உள்ள இல்ல. அது இருந்த எடம்தான் இருக்கு." மகளின் குரலில் மகிழ்ச்சி பொங்கிக்கொண்டு வந்தது, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றுவிட்டது. "மாமாட்ட யார் சொல்லுதது?"

மறுநாள் அவன் வந்தபோது மூவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். வழக்கமில்லாத விதத்தில் டிவி அணைந்திருந்தது. "என்ன, யாருக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே நுழைந்தான். மகள் ஒரு தட்டை நீட்டினாள். அதில் மாவுச் சிப்பி இருந்தது. ஓரங்கள் காய்ந்து வெடித்திருந்தன.

"மாமா, இது கல்லுல இருந்து எடுத்தது. அமுக்கி எடுத்தேன்."

அவன் எடுத்துப் பார்த்தான். அவனுக்கு ஒரு நொடிதான் பிடித்தது. சுற்றைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், மறுபடி சுற்றைப் பார்த்தான். பிறகு கல்லை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். அடியில் தண்ணீர் கலங்கியிருக்கும்போது விரலால் தடவியே சங்கை அறிவோம் என்று அவன் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதைச் செய்து நான் பார்த்தது அன்றுதான். குழிவின் விளிம்பைச் சுற்றி ஆள்காட்டி விரலை ஒரு முழுச் சுற்று கொண்டு போனான். நகத்தால் சுரண்டினான்.

"ஓடு இல்ல," என்றான் கண்ணைத் திறக்காமல். "சங்குன்னா இந்த ஓரத்துல கனமா ஓடு தட்டுப்படணும். வழுவழுன்னு இருக்கணும். இது வெறும் கல்லு." கண்ணைத் திறந்தான். "அன்னைக்கே வெரல வச்சுப் பாத்திருக்கணும். பாக்கத் தோணல."

மகள் மாவுச் சிப்பியை மறுபடி அவன் பக்கம் நகர்த்தினாள்.

"முத்துமுத்தா இருக்கே. இது நம்ம சங்கு சாதியே இல்ல. இத நான் எங்கயும் பாத்ததில்ல," என்று மாவை மறுபடி திருப்பினான். "எங்க போச்சு அது? ஓடுல்லாம்?"

"கரைஞ்சிருக்கும் மாமா. மண்ணு மூடி, மண்ணு கல்லாயி, அப்புறம் ஓடு கரைஞ்சி... அப்படித்தான் புஸ்தகத்துல போட்டிருக்கு. அச்சு மட்டும் நிக்கும்."

"எவ்வளவு காலம்?"

"தெரியாது."

"தெரியாதா? அப்பன் மவதான்." சிரித்தான். மாவை முகர்ந்தான். "உப்புப் போட்டுருக்கியா அக்கா? சுட்டுத் தா, தின்னுட்டாவது போவேன்."

என் மனைவி அழுதுகொண்டே அவன் முதுகில் அடித்தாள். அவன் கைபேசியை எடுத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டான். நல்ல காதில் வைத்துக்கொண்டு சொன்னான்: "அண்ணாச்சி, நாளைக்கு மெசின் வேண்டாம். ஆமா. உள்ள ஆள் இல்ல. எப்பமோ காலி பண்ணிட்டுப் போயாச்சாம். இல்ல, எங்க வீட்டுப் பிள்ளதான் கண்டுபிடிச்சா." அந்தப் பக்கம் அவர் ஏதோ சொன்னார். "கல்லா? அது பிள்ளைக்கு வேணும்," என்றான்.

அந்த மாதக் கடைசியில் நானும் மகளும் ஊரில் ஒரு கல்லூரியின் நிலவியல் துறைக்குக் கல்லைக் கொண்டு போனோம். அங்கிருந்த இளம் ஆசிரியை அதை ஜன்னலோரம் எடுத்துப் போய் லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஃபாசில்தான், சிப்பி அழிந்து அதன் வெளி அச்சு மட்டும் தங்கியிருக்கிறது, வயது சொல்ல வேண்டுமானால் கல் எந்தக் குவாரியிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டும் என்றார். "மாவு வச்சு எடுத்தது யாரு?" என்று கேட்டார். மகள் என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். திரும்பும் வழியில் ஸ்கூட்டரில், கப்பல் பெயரைக் கண்டுபிடிக்க முடியுமா என்று விடாமல் கேட்டாள். அந்த வாரம் இரண்டு கப்பலில் ஒரே மாதிரிக் கல் இறங்கியது, எது என்று சொல்ல முடியாது என்றேன். "சரி," என்றாள். வீட்டுக்கு வந்ததும் காகிதத்தில் கேள்விக்குறியை அடித்துவிட்டு 'ஃபாசில்' என்று எழுதி, அதன் கீழே 'வயது' என்று போட்டு, பக்கத்தில் புதிதாக ஒரு கேள்விக்குறி போட்டாள்.

என் மைத்துனன் இப்போது குளிப்பதில்லை. அவனுக்குப் பழக்கமான ஒருவரின் வள்ளத்தில் கம்ப்ரெசரையும் குழாயையும் பார்த்துக்கொள்கிறான். அடியில் இருப்பவன் குழாயை இழுத்தால் மேலே இவன் கையில் தெரியும். காது தேவையில்லாத வேலை. வள்ளம் இன்னும் சொந்தமாக வாங்கவில்லை. ஒவ்வொரு நாளும் கரை வந்ததும் என் மனைவிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். அது வந்த பிறகுதான் அவள் சாப்பிட உட்காருவாள்.

கல் என் மேசையில் இருக்கிறது. எண்ணெய் ஊறிய அந்தக் குழிவு மட்டும் சற்றுக் கருத்திருக்கிறது. அவன் வரும்போதெல்லாம் டீ குடிக்குமுன் விரலை அதற்குள் விட்டு ஒரு சுற்று சுற்றி எடுப்பான். "அத்தான், வீடு இன்னும் காலியாத்தான் இருக்கு," என்பான்.